கார்பன் டை ஆக்சைடு மீட்டர்: சில ஆண்டுகள் பயன்படுத்திய பிறகு

அறைக் காற்றில் கார்பன் டை ஆக்சைடு எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் சின்ன மீட்டர் ஒன்றைச் சில ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். வாங்க நினைப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது, உள்ளே இருப்பது அகச்சிவப்பு சென்சார்தானா என்பதை. பெட்டியில் ‘என்டிஐஆர்’ என்று இருந்தால் சரி. ‘இ-சிஓ2’ என்று இருந்தால் விட்டுவிடுங்கள். அது காற்றிலுள்ள வேறு ஆவிகளை முகர்ந்து, கார்பன் டை ஆக்சைடு இவ்வளவு இருக்கலாம் என்று ஊகிக்கிற சாதனம். சானிடைசர் தடவிய கையைப் பக்கத்தில் கொண்டுபோனால் அதன் எண் தாறுமாறாக ஏறும். என் மீட்டர் அசையவே இல்லை.

காரணம் எளிது. உள்ளே ஒரு குட்டி அறை, ஒரு முனையில் அகச்சிவப்பு விளக்கு, மறுமுனையில் உணரி. கார்பன் டை ஆக்சைடு 4.26 மைக்ரோமீட்டர் அலைநீளக் கதிரை வலுவாக உறிஞ்சும். காற்றில் பெரும்பங்கான நைட்ரஜனும் ஆக்சிஜனும் அதைத் தொடுவதில்லை. உணரிக்கு முன்னால் இருக்கும் வடிகட்டி அந்த அலைநீளத்தை மட்டும் விடுகிறது. வாயு கூடக் கூட உணரிக்கு வந்து சேரும் ஒளி குறையும். அந்தக் குறைவிலிருந்து செறிவைக் கணக்கிட்டு பிபிஎம்மில், அதாவது காற்றின் பத்து லட்சம் பங்கில் எத்தனை பங்கு என்று காட்டுகிறது.

பயன் என்ன என்றால், தூங்கும் அறையைப் பற்றி நான் நினைத்திருந்ததையே இது மாற்றிவிட்டது. கதவு, ஜன்னல் எல்லாம் மூடி இருவர் படுத்தால் விடிவதற்குள் 2000 பிபிஎம் தாண்டிவிடுகிறது. ஜன்னலை ஒரு கையளவு திறந்து வைத்தால் போதும், பெரும்பாலும் 1000-க்குள் நிற்கிறது. மீட்டரைத் தலைமாட்டில் மட்டும் வைக்காதீர்கள்; நம் மூச்சையே அளந்து கொண்டிருக்கும்.

குறை என்றால் தானியங்கி அளவுத்திருத்தம்தான். வீட்டு மீட்டர்கள் பலவும், ஒரு வார அளவில் பார்த்த மிகக் குறைந்த எண்ணை வெளிக்காற்று என்று எடுத்துக்கொண்டு அதை 400 என வைத்துக்கொள்ளும். எப்போதும் மூடிக் கிடக்கும் அறையில் உண்மையான அளவு 600-க்குக் கீழே போகவே இல்லை என்றால்? அந்த 600-ஐயே 400 என்று நம்பிவிடும். அப்புறம் காட்டுவதெல்லாம் குறைவாகவே இருக்கும். அதனால் அவ்வப்போது திறந்தவெளியில் கொஞ்ச நேரம் வைத்து எடுக்கிறேன். வெளியே 420 பிபிஎம்முக்குச் சற்று மேலே காட்டினால் நிம்மதி.

இரண்டு அலைவரிசை உள்ள சென்சார் கிடைத்தால் அதையே வாங்குங்கள். இரண்டாவது உணரி, காற்றிலுள்ள வாயுக்கள் அநேகமாக உறிஞ்சாத 4 மைக்ரோமீட்டர் பக்கத்தில் பார்க்கும். விளக்கு மங்கினாலும் தூசி படிந்தாலும் இரண்டு பக்கமும் சேர்ந்தே குறைவதால், விகிதம் அவ்வளவாக மாறாது. நீண்ட நாள் உழைப்புக்கு அதுதான் முக்கியம் என்பேன்.

மலைப்பகுதியில் இருப்பவர்கள் உயரத்தை அமைப்பில் போட வேண்டும். 1000 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் பத்து சதவீதத்துக்கு மேல் குறைவு; எண்ணும் கிட்டத்தட்ட அந்த அளவு குறைந்து தெரியும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இது கார்பன் மோனாக்சைடைக் காட்டாது. அந்த நச்சு வாயு உறிஞ்சுவது வேறு அலைநீளத்தை, அதை இந்த வடிகட்டி விடுவதே இல்லை. மூடிய இடத்தில் அடுப்போ ஜெனரேட்டரோ எரிகிறது என்றால், அதற்கென்று தனி எச்சரிக்கைக் கருவி கட்டாயம் வேண்டும்.