ஆன்லைனில் ஃபீட் பம்ப் வாங்கும் லாரிக்காரர்கள் கவனத்துக்கு: 23,400 ரூபாய் போய்விட்டது

லாரி வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டு பாகம் வாங்குங்கள். வண்டி உதிரி பாகங்கள் விற்கும் ஓர் ஆன்லைன் தளத்தில் ஃபீட் பம்ப் வாங்கி 23,400 ரூபாயைத் தொலைத்துவிட்டு நிற்கிறேன். தளத்தின் பெயரை எழுதப் போவதில்லை. வக்கீல் நோட்டீசுக்குப் பதில் எழுத எனக்கு நேரமில்லை, வண்டி ஓடினால்தான் வீட்டில் அடுப்பு எரியும்.

பம்பின் விலை 4,600 ரூபாய்தான். மீதி 18,800 அது இழுத்துவிட்ட செலவு. வயிறு எரிவது அதனால்தான்.

என்னுடையது பழைய ஆறு சிலிண்டர் வண்டி. கம்ப்யூட்டர் கட்டுப்படுத்தும் புது வகை காமன் ரெயில் கிடையாது, சிலிண்டர்களுக்கு டீசலைப் பீய்ச்சும் பழைய வகை இன்லைன் இன்ஜெக்‌ஷன் பம்ப். அதன் பக்கவாட்டில் பொருத்தியிருக்கும் ஃபீட் பம்ப்தான் டேங்கிலிருந்து டீசலை இழுத்து, ஃபில்டர் வழியாக மேலே தள்ளுகிறது. உள்ளே ஒரு பிஸ்டன், ஸ்பிரிங், வால்வுகள், மேலே கையால் அடிக்கும் பிரைமர், அவ்வளவுதான். பழையது தேய்ந்துபோய், தினமும் காலையில் பிரைமர் அடித்து ஏர் எடுத்தால்தான், அதாவது டீசல் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றினால்தான், வண்டி கிளம்பியது. நாமக்கல்லில் நான் கேட்ட கடையில் அந்த நம்பர் பம்ப் வர ஒரு வாரம் ஆகும் என்றார்கள். லோடு காத்திருந்தது. ஆன்லைனில் பார்த்தேன், இருந்தது.

ஆர்டர் போட்டதும் விற்பனையாளரே போனில் அழைத்தார். "அண்ணா, பெட்டியில் இருக்கும் நம்பரை நம்பாதீர்கள். பழைய பம்பின் உடம்பில் குத்தியிருக்கும் நம்பரைத் துடைத்து போட்டோ அனுப்புங்கள்" என்றார். அனுப்பினேன். "டாப்பெட்டில் ரோலர் இருக்கிறதா என்று பாருங்கள், மாறிப்போனால் கேம் தேய்ந்துவிடும்" என்றும் கேட்டார். (கேம் என்பது பம்பை இயக்கும் சுழல் தண்டின் மேடு, டாப்பெட் அதன்மேல் உரசி நகரும் பாகம்.) காசு பறிக்க வந்தவன் இதையெல்லாம் கேட்பானா? என் மெக்கானிக்கே போனை வாங்கிப் பேசிவிட்டு, "விஷயம் தெரிந்த ஆள்தான்" என்றார். அப்புறம் என்ன சந்தேகம் வரும்? பெயர்பெற்ற கம்பெனியின் பெட்டி, சீல், பளபளக்கும் ஹோலோகிராம் ஸ்டிக்கர், எல்லாம் ஒழுங்காகத்தான் வந்தன.

சேலத்தில் ஜவ்வரிசி மூட்டை ஏற்றிக்கொண்டு பெங்களூருக்குப் புறப்பட்டேன். தொப்பூர் கணவாய் ஏற்றத்தில் வண்டி இழுவை இழந்தது. ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தாலும் எஞ்சின் இறங்கிக்கொண்டே வந்து நின்றுவிட்டது. பின்னால் வரிசையாக ஹாரன். சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு பிரைமர் அடித்தால் கொஞ்ச தூரம் போகும், மறுபடியும் நிற்கும். இரவு நேரம், முழு லோடு, மலைப்பாதை. அந்த இடத்தின் விபத்துக் கதைகள் தெரிந்தவர்களுக்கு என் நிலைமை புரியும்.

கட்டி இழுத்து வந்த பிறகு மெக்கானிக் முதலில் ஆயில் ஸ்டிக்கை உருவினார். ஆயில் மேல் கோட்டையும் தாண்டி நின்றது. விரலில் தேய்த்தால் தண்ணீராக ஓடியது, டீசல் வாடை. ஃபீட் பம்பின் தண்டு தேய்ந்திருந்ததால் டீசல் அதைச் சுற்றிக் கசிந்து, இன்ஜெக்‌ஷன் பம்பின் கேம் அறை வழியாக எஞ்சின் ஆயிலில் கலந்திருக்கிறது. இன்னும் கொஞ்ச நாள் ஓட்டியிருந்தால் பேரிங் போயிருக்கும். புது பம்பில் தண்டு எப்படித் தேயும்? தின்னர் தொட்டுத் துடைத்தார், சாம்பல் நிறப் பெயிண்ட் உரிந்து வந்தது. நம்பர் இருந்த தகடு வெறும் பசையில் ஒட்டியது. அதற்கடியில் பழைய நம்பரைக் கிரைண்டர் வைத்துத் தேய்த்த கோடுகள். எந்த வண்டியிலிருந்தோ கழற்றிய பழைய பம்புக்குச் சாயம் பூசி அனுப்பியிருக்கிறார்கள்.

கட்டி இழுத்தது 4,500. ஆயிலும் ஃபில்டரும் 6,300. இன்ஜெக்‌ஷன் பம்பைக் கழற்றி சோதனை பெஞ்சில் ஏற்றிச் சரிபார்த்தது 5,500. மெக்கானிக் கூலி 2,500. பம்ப் விலையையும் சேர்த்தால் 23,400. நஷ்டப்பட்ட வாடகையை இதில் சேர்க்கவே இல்லை.

விற்பனையாளருக்குப் போன் செய்தேன். முதலில், "ஏர்லாக்காக இருக்கும் அண்ணா, பொறுமையாக ஏர் எடுங்கள்." அடுத்த முறை அண்ணா போய் சார் ஆகிவிட்டேன்: "ஃபிட்டிங் தவறு சார், நாங்கள் பொறுப்பில்லை." அப்புறம் போனையே எடுக்கவில்லை. தளத்தின் சேவை மையத்தில் ஒவ்வொரு முறையும் வேறொரு பெண் குரல், முதலிலிருந்து கதை சொல்ல வேண்டும். ஒருவழியாக ரிட்டர்ன் ஒப்புக்கொண்டார்கள். வந்த கூரியர் பையன் பெட்டியை முகர்ந்து பார்த்து, "டீசல் வாடை வருகிறது, தீப்பற்றும் பொருளை எடுக்கக் கூடாது" என்று திரும்பிப் போய்விட்டான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அன்று மாலையே செய்தி வருகிறது: வாடிக்கையாளர் பொருளை ஒப்படைக்காததால் ரிட்டர்ன் ரத்து. டீசல் பம்பில் டீசல் வாடை வராமல் மல்லிகைப்பூ வாடையா வரும்?

நான் எழுதிய விமர்சனம் இன்னும் "பரிசீலனையில்" இருக்கிறது. அதே பம்ப் அதே படத்துடன் இன்றும் விற்பனையில் இருக்கிறது.

விவரமாக எழுத உட்கார்ந்தேன், கை நடுங்குகிறது. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெட்டியைப் பிரிக்கும்போதே வீடியோ எடுங்கள். நம்பர் உடம்பிலேயே குத்தியிருக்கிறதா, ஒட்டிய தகடா என்று நகத்தால் நெம்பிப் பாருங்கள். மாட்டும் முன் தின்னர் துணியால் ஒரு துடை. ஜிஎஸ்டி பில் இல்லாமல் வாங்காதீர்கள், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுக்க அந்த பில்தான் எனக்கு உதவியது. அங்கிருந்து பதில் வந்தால் எழுதுகிறேன்.

சமீபத்தில் இப்படி ஆன்லைனில் பம்ப் வாங்கி மாட்டியவர்கள், வண்டியை எடுக்கும் முன் இன்றே ஆயில் ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். அளவு ஏறியிருந்தால் ஸ்டார்ட் செய்யாதீர்கள்.