ஐகான் ஓவியப் பயிற்சிப் பெட்டி: பலகைக்கு முழு மதிப்பெண், பாடத்துக்குப் பாதி

கிழக்கத்தியக் கிறிஸ்தவ மரபில் மரப்பலகையில் தீட்டும் புனித ஓவியமான ஐகானை வரையக் கற்க விரும்புவோருக்காக எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டு விற்கிறார்கள். பூச்சு முடிந்த பலகை, ஏழு பொடி நிறமிகள், நான்கு பிரஷ், ரேக்கு (ஒட்டுவதற்கான மெல்லிய பொன்னிறத் தகடு), கோட்டுப்படம், கார்பன் தாள், வார்னிஷ், கூடவே காணொளிப் பாடங்களும் ஒரு கையேடும். இந்தப் பெட்டியில் எதை நம்பி வேலை தொடங்கலாம், எதற்கு மாற்று வாங்க வேண்டும் என்பதுதான் கேள்வி.

பலகைக்காகவே இதை வாங்கலாம். லிண்டன் மரம், இரண்டரை செ.மீ. கனம். பின்பக்கம் மரநாருக்குக் குறுக்காக இரண்டு கட்டைகளைக் காடி வெட்டிச் செருகியிருக்கிறார்கள்; பசை போடவில்லை. அதுதான் சரி. காற்றின் ஈரத்துக்கேற்ப மரம் விரியும், சுருங்கும். கட்டையை ஒட்டிவிட்டால் நகர வழியில்லாமல் பலகை வெடித்துவிடும். முன்பக்கம் லினன் துணி, அதன்மேல் முயல்தோல் பசையில் சுண்ணக்கட்டித் தூள் கலந்த லெவ்காஸ் பூச்சு. ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்துப் பாருங்கள், சட்டென்று உறிஞ்சும். மலிவான பலகைகளில் பூசும் அக்ரிலிக் ஜெசோ இப்படி உறிஞ்சாது. அதில் முட்டைக் கருவில் நிறமி குழைத்த வண்ணமான முட்டை டெம்பரா பிடிக்காமல் பின்னால் உரிந்து வரும்.

நிறமித் தேர்வும் நல்லது: மஞ்சள் காவி, செங்காவி, பச்சை மண், பழுப்பு மண், எலும்புக் கரி, அல்ட்ராமரைன், டைட்டானியம் வெள்ளை. நஞ்சான ஈய வெள்ளையும் பாதரசச் சிவப்பும் இல்லாதது தொடக்கநிலைக்கு ஏற்ற முடிவு. ஆனாலும் எந்தப் பொடியைத் திறந்தாலும் முகக்கவசம் வேண்டும். பச்சை மண் நறநறவென்று இருக்கிறது. கண்ணாடித் தகட்டில் தண்ணீர் விட்டு நன்றாக அரைத்த பிறகே பயன்படுத்த முடியும்.

பிரஷ்கள் தேறாது. நான்குமே ஊசி போல மெல்லிய செயற்கை மயிர். நுண்ணிய கோட்டுக்கு நுண்ணிய பிரஷ் என்பது தப்புக்கணக்கு. வயிறு பருத்து நுனி கூர்ந்த 3ஆம் எண் சேபிள் (விலங்கு மயிர்) பிரஷ் நிறைய வண்ணம் தாங்கும், புருவக்கோட்டை ஒரே மூச்சில் இழுக்கும். மெல்லிய பிரஷ் பாதியிலேயே காய்ந்து கோட்டை அறுத்துவிடும்.

கார்பன் தாளைத் தொடவே வேண்டாம். அதன் மெழுகு பட்ட இடத்தில் வண்ணம் ஒட்டாது. மெல்லிய தாளின் பின்புறம் செங்காவிப் பொடியைத் தேய்த்து அதை வைத்துப் பிரதி எடுங்கள். பிறகு ஒளிவட்டத்தையும் ஆடை மடிப்புகளையும் ஊசியால் இலேசாகக் கீறிவிட்டால், எத்தனை பூச்சுக்கு அடியிலும் கோடு தெரியும்.

முட்டைப் பாடம் பாதி சிறப்பு. மஞ்சள் கருவை உள்ளங்கை மாற்றி மாற்றி உலர்த்தி, சவ்வை விரலால் பிடித்துத் தூக்கி, குத்தி வடிப்பதை நெருக்கமாகக் காட்டுகிறார்கள். கருவுக்குச் சமமாகத் தண்ணீர், சில சொட்டு வினிகர் என்பதும் சரி. நிறமியோடு எவ்வளவு சேர்ப்பது என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். தண்ணீரில் குழைத்த நிறமிக்குச் சம அளவில் தொடங்கி, கண்ணாடியில் ஒரு தீற்று போட்டு, காய்ந்ததும் பிளேடால் சுரண்டுங்கள். தோலாகச் சுருண்டு வந்தால் சரி. பொடியாக உதிர்ந்தால் கரு போதாது. பளபளவென்று வழுக்கினால் கரு அதிகம்.

பெரிய குறை முகப் பாடத்தில். ஐகானில் முகம் இருளிலிருந்து ஒளிக்கு வர வேண்டும். மஞ்சள் காவி, பச்சை மண், துளி கரி சேர்ந்த சங்கீர் என்ற அடிநிறத்தை முகம் முழுக்க நீர்க்க நீர்க்கப் பல முறை பூசுவார்கள். அதன்மேல் வெளிச்சம் காட்டும் காவிப் பூச்சுகள் ஏறும்; ஒவ்வொன்றும் முந்தையதைவிட வெளிறி, முந்தையதைவிடச் சிறிய இடத்தில் அமரும். கடைசியில் கண்ணோரம், மூக்குத்தண்டு, நெற்றி என்று சில வெண்கீற்றுகள் மட்டும். காணொளியில் சங்கீரை ஒரே கெட்டிப் பூச்சில் முடித்து, இரண்டாவது வெளிச்சத்திலேயே வெள்ளையைக் கொட்டுகிறார்கள். டைட்டானியம் வெள்ளை எதையும் மூடிவிடும். முகம் சுண்ணாம்பு அடித்த சுவர் போல ஆகிவிடுகிறது. பாதி காய்ந்த பூச்சின் மேல் பிரஷ் திரும்பிப் போனால் அடிப்பூச்சு கிளம்பி ஓட்டை விழும் என்ற எச்சரிக்கையும் இல்லை. முகம் முடிந்த பிறகு ஒளிவட்டத்தில் ரேக்கு ஒட்டச் சொல்வது இன்னும் மோசம். முட்டை வண்ணத்தின் மேல் தங்கம் பிசுக்கென்று ஒட்டிக்கொள்ளும். தங்கவேலை முடிந்த பிறகே வண்ணம் தொட வேண்டும். தந்திருக்கும் ரேக்கும் பித்தளை, நாளடைவில் கறுக்கும். 23 காரட் ரேக்கு ஒரு புத்தகம் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள்.

முதல் படமாக விளாதிமிர் அன்னையை (மரியாவும் குழந்தை இயேசுவும் உள்ள புகழ்பெற்ற ஐகான்) கொடுத்திருப்பதை ஏற்க முடியவில்லை. கன்னத்தோடு கன்னம் ஒட்டிய இரு முகங்கள், குழந்தையின் சிறு கை: தொடக்கநிலைக்கு மீறிய வேலை. மூல ஐகானில் 12ஆம் நூற்றாண்டின் கைவண்ணம் மிஞ்சியிருப்பதே பெரும்பாலும் முகங்களில்தான்; ஆடைப்பகுதி பிற்காலப் பூச்சு. அதைப் பார்த்து மடிப்புகளைக் கற்க முடியாது. துணியில் பதிந்த கிறிஸ்துவின் முகமான மாண்டிலியன் முதல் பாடத்துக்குப் பொருத்தமானது. நேர்முகம், சமச்சீர், கைகள் இல்லை.

பெயர் எழுதும் பாடம் மட்டும் அருமை. பெயர் இல்லாத ஐகான் முடிந்ததாகாது என்பதை மதித்து, கிரேக்க, சிலாவிய எழுத்துகளுக்குத் தனித்தாள் வைத்திருக்கிறார்கள்.

கடைசியாக, ஓலிஃபா எனும் ஆளிவிதை எண்ணெய் வார்னிஷ். மறுநாளே பூசலாம் என்கிறது கையேடு. அவசரப்படாதீர்கள், வண்ணம் இறுகச் சில வாரமாவது விடுங்கள். பலகையை மட்டமாகக் கிடத்தி, எண்ணெயை ஊற்றி உள்ளங்கையால் பரப்பி, அது கெட்டிப்படத் தொடங்கும்போது மிச்சத்தை வழித்தெடுக்க வேண்டும். விட்டுவிட்டால் பிசுபிசுத்துத் தூசி படியும். துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணி தானாகச் சூடேறித் தீப்பற்றக்கூடியது. தண்ணீரில் நனைத்து, மூடியுள்ள உலோக டப்பாவில் போட வேண்டும். கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.