48,500 ரேண்ட் போச்சு: டர்பன் பக்கம் கூரை வேலை கொடுக்கப் போறவங்க படிச்சிட்டுப் போங்க

கை இன்னும் நடுங்குது, அதனால எழுத்துப்பிழை இருந்தா பொறுத்துக்கோங்க. இன்னிக்குக் காலையில, கூரை போட வந்த ஆளோட நம்பர்ல என் மெசேஜுக்கு ஒத்தை டிக் மட்டும் நிக்குது. ப்ரொஃபைல் படமும் காணோம். பிளாக் பண்ணிட்டான். 48,500 ரேண்ட். அவனோட பேரையும் அந்த ஆப்போட பேரையும் இங்க போட வேண்டாம்னு வீட்டுக்காரர் சொல்றார், வக்கீல் நோட்டீஸ் வரும்னு பயம். சரி, போடல. வீட்டு வேலைக்கு ஆள் பிடிச்சுத் தர்ற ஆப்னு மட்டும் வெச்சுக்கோங்க. என்னென்ன பார்க்கணும்னு கடைசியில வரிசையா எழுதறேன்.

ஜோகன்னஸ்பர்க்ல ஒரு ப்ளாட்ல இருந்தோம். நாய் வளர்க்க விடமாட்டாங்க, படம் வரைய சாப்பாட்டு மேஜைதான். வீட்டுக்காரருக்கு ரிச்சர்ட்ஸ் பேக்கு மாத்தல் வந்ததும், பின்னாடி தனி அறை இருக்கிற வீடா பார்த்து டர்பன் பக்கத்துல சாட்ஸ்வொர்த்துக்கு வந்தோம். அவர் வாரக்கடைசிதான் வருவார். எஸ்பிசிஏ விலங்குக் காப்பகத்துல இருந்து ரெண்டு நாய் எடுத்தோம், மிளகும் சண்டியரும். பின் அறை எனக்கு ஸ்டுடியோ. சமையலறை பாதி இடிச்ச நிலையில இருக்கு, அதனால நாய்ங்க ஹால்ல, நான் பின்னாடி, பெயிண்ட் டப்பா எல்லா இடத்துலயும்.

நவம்பர் 16க்கு ஒரு கண்காட்சிக்கு ஒத்துக்கிட்டிருந்தேன். 1860ல ட்ரூரோ கப்பல் மதராஸ்ல இருந்து நம்மாளுங்களை ஒப்பந்தக் கூலியா இங்க கொண்டுவந்து இறக்கின நாள். இந்தக் கடற்கரையில கரைவலை இழுத்த நம்ம குடும்பங்க, ஜூன் ஜூலையில சார்டீன் (மத்தி மீன்) கூட்டம் கரையேறும்போது நடக்கிற அமளி, அதைத்தான் வரிசையா வரைஞ்சுக்கிட்டிருந்தேன். வேலை நல்லா ஓடிக்கிட்டிருந்துச்சு. மழை ஆரம்பிச்சதும் பின் அறை மூலையில ஒழுக ஆரம்பிச்சது.

சாட்ஸ்வொர்த்துல பழைய வீடு பார்த்தவங்களுக்குத் தெரியும். இனவாரியா குடியிருப்பைப் பிரிக்க குரூப் ஏரியாஸ் சட்டம்னு 1950ல ஒண்ணு போட்டு, டர்பன்ல கேட்டோ மேனர் மாதிரி இடத்துல எல்லாம் இருந்தவங்களை அறுபதுகள்ல இங்க கொண்டுவந்து தள்ளினாங்களே, அப்போ கட்டின வீடுங்க. அந்த மாதிரி வீட்டுல பல இடத்துல கூரை அஸ்பெஸ்டாஸ் சிமெண்ட் ஷீட்டுதான். எங்க பின் அறைக்கும் அதேதான்.

ஆப்ல 'கூரை ஒழுகுது, பழைய ஷீட், ஸ்டுடியோ அறை, வீட்டுல ரெண்டு நாய் இருக்கு, வர்றதுக்கு முன்னாடி போன் பண்ணுங்க'ன்னு போட்டேன். ஒரு மணி நேரத்துல அவன் கூப்பிட்டான். பேருக்குப் பக்கத்துல பச்சை டிக், 'சரிபார்க்கப்பட்டவர்'னு. அஞ்சு நட்சத்திரம். நான் போட்டதை முழுசாப் படிச்சவன் போலப் பேசினான்: "அக்கா, நாய் இருக்குன்னு போட்டிருந்தீங்களே, கேட்டுல நின்னு போன் பண்றேன்."

இந்த இடத்தைத்தான் நல்லாப் படிக்கணும். சண்டியருக்கு யாரைப் பார்த்தாலும் ஆகாது. தபால்காரர், பக்கத்து வீட்டு ஆயா, தண்ணி மீட்டர் பார்க்க வர்ற பையன், எல்லாருக்கும் ஒரே மரியாதைதான். இவன் கேட்டைத் தாண்டி வந்து குனிஞ்சு உட்கார்ந்தான். சண்டியர் உறுமிக்கிட்டே போச்சு, மோந்து பார்த்துச்சு, அவனோட பூட்ஸ் மேல தலையை வெச்சுப் படுத்துக்கிச்சு. எனக்கு அப்படியே மனசு இளகிப் போச்சு. நாய்க்குத் தெரியாததா நமக்குத் தெரியப் போகுது? நாய் வளர்க்கிற எவரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வாங்க.

அவன் போனதுக்கப்புறம் திண்ணையில ஒரு துண்டு கிடந்துச்சு, விரல் நீளம், கறுப்பா, ஓரத்துல கொத்தமல்லி விதை ஒட்டிக்கிட்டு. பில்டாங். சட்டைப் பையில காய்ஞ்ச இறைச்சியைப் போட்டுக்கிட்டு வந்திருக்கான். நாய் இருக்கிற வீடுன்னு ஆப்ல பார்த்துட்டு, தயாரா வந்திருக்கான்! அன்னிக்கு அதைப் பார்த்து 'அட, நாய்ங்க மேல இவ்வளவு பிரியமா'ன்னு வீட்டுக்காரர்கிட்ட போன்ல சொல்லிக்கிட்டிருந்தேன்.

உள்ள வர்றதுக்கு முன்னாடி பூட்ஸைக் கழட்டினான். சாமி விளக்கைப் பார்த்துக் கும்பிட்டான். கையில சிவப்புக் கயிறு. அவங்க அம்மா ஆடி மாசம் மாரியம்மனுக்குக் கூழ் ஊத்துவாங்களாம், அன்னிக்கு மட்டும் வேலைக்கு வரமாட்டானாம். தமிழ் நாலஞ்சு வார்த்தைதான் தெரியும், அதை அளந்து அளந்து பேசினான். ஜோகன்னஸ்பர்க்ல அத்தனை வருஷம் இருந்து, ஒரு வேலைக்காரர் வாயில இருந்து 'அக்கா'ன்னு கேட்டது இல்ல எனக்கு. அப்புறம் மேஜை மேல இருந்த படத்தைப் பார்த்துட்டு நின்னான். வலையோட ஈயக்குண்டைத் தொட்டுக் காட்டி, "எங்க தாத்தா இதைப் பல்லால கடிச்சு இறுக்குவார்"னான். உண்மையோ பொய்யோ, அந்த ஒரு வரிக்கு நான் விழுந்துட்டேன்.

கொட்டேஷன் 97,000 ரேண்ட். பாதி முன்பணம், ஷீட்டும் மரமும் வாங்க. 48,500. 'இன்னிக்கு அனுப்பினா பழைய விலைக்கே எடுத்துடலாம், நாளைக்கு விலை ஏறுது அக்கா'ன்னான். இன்வாய்ஸ்ல கம்பெனி பேர் ஒண்ணு, பேங்க் கணக்குல வேற ஒரு ஆள் பேர். கேட்டேன். 'அது என் பார்ட்னர், பொருள் வாங்குற கணக்கு'ன்னான். உடனடி ஈஎஃப்டி, அதாவது பேங்க்ல இருந்து நேரா அவங்க கணக்குக்கு, பண்ணச் சொன்னான். பண்ணினேன். ஒரு நிமிஷத்துல போயிடுச்சு.

வேலைக்கு ரெண்டு பசங்களைக் கூட்டிட்டு வந்தான். பக்கியில (பிக்கப் வண்டி) இருந்து இறங்கினது ஏணியும் சுத்தியலும்தான். தண்ணி தெளிக்கல, முகமூடி இல்ல, ஒண்ணுமில்ல. பின் அறைக்கு மேல இருந்த ஷீட்டை அடிச்சு உடைச்சுக் கீழ வீசினாங்க. "இது அஸ்பெஸ்டாஸ் இல்லையா?"ன்னு கேட்டதுக்கு, "வெறும் பழைய சிமெண்ட் அக்கா, இந்த ஊர்ல எல்லா வீட்டுலயும் இதுதானே"ன்னான். ஆமா, பல வீட்டுல இருக்கு, உடையாம இருக்கிற வரைக்கும் பெரிய பிரச்சனையும் இல்ல. உடைச்சாத்தான் அந்தக் கண்ணுக்குத் தெரியாத இழை கிளம்பும். நுரையீரல்ல போய் உட்கார்ந்தா முப்பது நாப்பது வருஷம் கழிச்சுக்கூட ஆளைத் தின்னும். நார்தர்ன் கேப்ல, ப்ரீஸ்கா பக்கம் நீல அஸ்பெஸ்டாஸ் தோண்டின ஊர்க்காரங்க பட்டபாட்டைப் பார்த்த நாடு இது. 2008லயே இதைத் தடை பண்ணியாச்சு. இருக்கிறதைப் பிரிச்சு எடுக்க, தொழிலாளர் துறையில பதிவு பண்ணின ஆளுதான் வரணும், நனைச்சுத்தான் எடுக்கணும், பையில அடைச்சு சீல் வெச்சு அதுக்குன்னு இருக்கிற குப்பைக் கிடங்குக்குத்தான் கொண்டு போகணும். இவன் எங்க கொய்யா மரத்தடியில குவிச்சுட்டுப் போனான். மிளகு அது மேல ஏறிப் படுத்திருந்துச்சு.

சாயந்திரம் நீல பிளாஸ்டிக் ஷீட்டைப் போட்டு மேல நாலு செங்கல்லை வெச்சுட்டு, "நாளைக்குப் புது ஷீட் வருது"ன்னு போனான். கேட்டையும் திறந்து போட்டுட்டுப் போயிட்டானுங்க. நாய்ங்களைத் தெருத்தெருவா தேடினது தனிக் கதை, அதை விடுங்க.

ராத்திரி மழை. பிப்ரவரி மழை எப்படி இருக்கும்னு டர்பன்காரங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பிளாஸ்டிக் பறந்துடுச்சு. அலமாரியில அடுக்கி வெச்சிருந்த தாள் முழுக்க நனைஞ்சுது. வரைஞ்ச படம் போனது ஒரு பக்கம். வரையாத தாளும் போச்சு, அதுதான் மத்தவங்களுக்குப் புரிய மாட்டேங்குது. 'காய வெச்சா சரியாயிடுமே'ங்கிறாங்க. ஆகாது. நான் வாங்கின வாட்டர்கலர் தாள் பருத்தியில செஞ்சது, அதுல ஜெலட்டின் பசை ஏத்தியிருக்கும். அந்தப் பசை இருக்கிறதாலதான் நிறம் தாள் மேல நின்னு, நாம இழுக்கிற பக்கம் ஓடும். ஈரத்துல பசை செத்துட்டா தாள் பார்க்க வெள்ளையா அப்படியே இருக்கும். நேத்து ஒரு தாளைக் காய வெச்சு கடல் நீலத்தை இழுத்துப் பார்த்தேன். பாதி தூரம் நல்லா வந்து, ஒரு இடத்துல குபுக்குன்னு உள்ள இறங்கிடுச்சு. ஊறுகாய் எண்ணெய் பட்ட துணி மாதிரி திட்டுத் திட்டா. இந்தத் தாளுக்கு ஆன காசை நான் 48,500ல சேர்க்கவே இல்ல.

அப்புறம் ஆரம்பிச்சது சாக்கு. முதல்ல சப்ளையர்கிட்ட ஸ்டாக் இல்ல. அப்புறம் பக்கி ரிப்பேர். அப்புறம் குடும்பத்துல சாவு. சாவுன்னதும் நான் இரங்கல் சொல்லி மெசேஜ் போட்டேன், கை கூப்பின பொம்மை ரெண்டு அனுப்பினான். அன்னிக்கு மத்தியானம் அதே ஆப்ல வேற யாரோ அவனுக்கு அஞ்சு நட்சத்திரம் போட்டிருக்காங்க, 'சுறுசுறுப்பான ஆள்'னு. சாவு வீட்டுல இருந்து சுறுசுறுப்பா கூரை போட்டிருக்கான் போல. "தம்பி, ஷீட் வேண்டாம், பணத்தையாவது திருப்பிக் குடு"ன்னு கேட்டதும் நீல டிக் மட்டும். கூப்பிட்டா எடுக்கல. வேற நம்பர்ல இருந்து கூப்பிட்டேன், என் குரலைக் கேட்டதும் "ராங் நம்பர்"னு வெச்சுட்டான். 'அக்கா' எல்லாம் எங்க போச்சோ.

ஆப்காரங்ககிட்ட போனேன். 'உங்கள் புகார் எங்களுக்கு மிக முக்கியம்'னு மெஷின் பதில். மறுபடி எழுதினேன், ஒரு பொண்ணு ரொம்பப் பணிவா பதில் போட்டுச்சு: நாங்க அறிமுகம்தான் செஞ்சு வைக்கிறோம், பணம் நீங்க நேரா கொடுத்தது, அதுக்கு நாங்க பொறுப்பில்லை. அப்போ பச்சை டிக் எதுக்குன்னு கேட்டேன். போன் நம்பரும் ஈமெயிலும் சரியா இருக்குன்னு அர்த்தமாம்! போன் நம்பர் சரியாத்தான் இருக்கு தாயே, அதுலதானே என்னை ஏமாத்தினான். கடைசியில 'எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்'னு ஒரு லிங்க் வேற.

பேங்க்ல, நீங்களே உங்க விருப்பத்துல அனுப்பினது, உடனடி ஈஎஃப்டியை அந்தப் பக்கத்து ஆள் சம்மதிக்காம திருப்ப முடியாதுன்னாங்க. போலீஸ்ல, வேலை ஆரம்பிச்சிருக்கான் இல்லையா, அப்போ இது சிவில் விவகாரம்னு அனுப்பிட்டாங்க. ஒரு ஷீட்டை உடைச்சுப் போட்டா அது 'வேலை ஆரம்பிச்சது' கணக்கு. இந்த ஆளுங்களுக்கு அது நல்லாத் தெரிஞ்சிருக்கு, அதுக்குத்தான் சுத்தியலோட வர்றானுங்க போல.

சின்னத் தொகை வழக்குக்குன்னு ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட் இருக்கு, வக்கீல் வேண்டாம், நாமளே பேசலாம். ஆனா 20,000 ரேண்டுக்கு மேல கேட்க முடியாது. 48,500ல 28,500ஐ நானே விட்டுக்கொடுக்கிறேன்னு எழுதிக் கொடுத்தாத்தான் அங்க போகலாம். அதுக்கும் முன்னாடி 14 நாள் அவகாசம் கொடுத்து அவனுக்குக் கடிதம் அனுப்பணும். எங்க அனுப்புறது? இன்வாய்ஸ்ல இருக்கிற விலாசத்துக்கு நேர்ல போய்ப் பார்த்தேன், அது டயர் கடை. முழுசும் வேணும்னா மாஜிஸ்ட்ரேட் கோர்ட், வக்கீல் செலவு, அந்தக் கணக்கு இன்னும் போடல.

இன்னிக்குப் பின் அறை மேல ஆகாசம் தெரியுது. குவிச்சு வெச்ச ஷீட் மேல தார்ப்பாய் போட்டு மூடி, நாய்ங்க போகாம வலை கட்டியிருக்கேன். மிளகு ரெண்டு நாளா சரியா சாப்பிடல, ஈறு வெளுத்திருக்கு. தெருவுல ஓடினப்போ உண்ணி ஏறியிருக்கும், பிலியரின்னு உண்ணியால வர்ற நோயா இருக்குமோன்னு பயமா இருக்கு. நாய் டாக்டர் நாலு மணிக்கு வரச் சொல்லியிருக்கார், கிளம்பணும்.

வரிசையா எழுதறேன்னு சொன்னேன், இப்போ அதுக்கு நேரமில்ல. அவசரத்துக்கு இது மட்டும்:

பொருளுக்கு முன்பணம் கேட்டா ஆள் கையில கொடுக்காதீங்க, ஹார்ட்வேர் கடைக்கே போய் உங்க பேர்ல பில் போட்டுக் கட்டி வீட்டுக்கு டெலிவரி வாங்குங்க. கம்பெனி பேரும் கணக்குப் பேரும் ஒத்துப் போகலைன்னா அங்கேயே நிறுத்துங்க. கம்பெனிங்களைப் பதிவு பண்ற சிஐபிசில அந்தக் கம்பெனி பதிவு இருக்கான்னு தேடுங்க. பச்சை டிக்கை நம்பாதீங்க, நட்சத்திரத்தையும் நம்பாதீங்க, அவன் முன்னாடி வேலை செஞ்ச வீட்டுக்கு நேர்ல போய்ப் பாருங்க. பழைய ஷீட்டா இருந்தா, எடுக்கிறதுக்குப் பதிவு இருக்கான்னு முதல் கேள்வியா கேளுங்க, பேப்பரைக் காட்டச் சொல்லுங்க. வீட்டுல நாய் இருக்குன்னு ஆப்ல போடாதீங்க.

அப்புறம், சாட்ஸ்வொர்த் பக்கம் அஸ்பெஸ்டாஸ் அள்ளுறதுக்குப் பதிவு வெச்சிருக்கிற ஆள் யாராவது தெரிஞ்சா இன்பாக்ஸ்ல சொல்லுங்க. நீங்களே வேலை வாங்கிப் பார்த்த ஆளா இருக்கணும். முன்பணம் கேட்கிற ஆள் வேண்டவே வேண்டாம்.