சைக்கிளுக்கு உகந்த ஊர் விருது: படிவத்தை நிரப்புவது யார்?

‘இது சைக்கிளுக்கு உகந்த ஊர்’ என்று ஓர் ஊருக்குத் தேசிய விருது கிடைத்தால், முதலிடம் யாருக்கு, பரிசு எவ்வளவு என்பதை நான் அப்புறம்தான் பார்ப்பேன். முதலில் பார்ப்பது, படிவத்தை நிரப்பியது யார் என்பதை. நகராட்சியா, அந்த ஊரில் தினமும் பெடல் மிதிக்கிறவரா? இது தெரிந்தாலே அந்த விருதை எவ்வளவு நம்பலாம் என்று பாதி புரிந்துவிடும்.

அமெரிக்காவில் நகராட்சிதான் நிரப்புகிறது. ‘பைசைக்கிள் ஃப்ரெண்ட்லி கம்யூனிட்டி’ என்ற அந்த விருதைத் தருவது லீக் ஆஃப் அமெரிக்கன் பைசைக்கிளிஸ்ட்ஸ். இது 1880-இல் தொடங்கிய சங்கம். சாலையில் கார் என்ற ஒன்று வருவதற்கு முன்பே நல்ல சாலை கேட்டுச் சண்டை போட்டவர்கள். வெண்கலம், வெள்ளி, தங்கம், பிளாட்டினம், வைரம் என்று படிப்படியாக ஏற வேண்டும். முதல் பிளாட்டினம் 2005-இல் கலிஃபோர்னியாவின் டேவிஸ் நகருக்குப் போனது. 1967-இலேயே சாலையில் சைக்கிளுக்கெனத் தனித்தடம் போட்ட ஊர் அது. நகரின் சின்னத்திலேயே அந்தக் காலத்துப் பெரிய முன்சக்கர சைக்கிள் இருக்கிறது. வைரம் என்ற படி பிற்பாடுதான் வந்தது.

தன் முதுகைத் தானே தட்டிக்கொள்கிற வேலைதானே இது என்று தோன்றலாம். ஓரளவுக்கு உண்மைதான். உள்ளூர் சைக்கிள்காரர்களிடமும் கருத்துக் கேட்கிறார்கள் என்றாலும், விண்ணப்பத்தில் பேசுவது ஊர் நிர்வாகத்தின் குரல். ஆனால் அந்தப் படிவத்துக்கு வேறொரு பயன் இருக்கிறது. தடங்கள் எத்தனை மைல், புதுக் கட்டடங்களில் சைக்கிள் நிறுத்த இடம் விட வேண்டும் என்று விதி உண்டா, பள்ளியில் பிள்ளைகளுக்குப் பயிற்சி உண்டா, விபத்துக் கணக்கு எங்கே என்று கேள்விகள் நீண்டுகொண்டே போகும். சாலைத் துறை, பள்ளி, காவல் துறை மூன்றும் ஒரே மேசையில் உட்காராமல் அதை நிரப்ப முடியாது. விருது கிடைத்ததோ இல்லையோ, எங்கே குறை, அடுத்த படிக்கு என்ன செய்ய வேண்டும் என்று ஓர் அறிக்கை கைக்கு வரும். 4 ஆண்டுகள் கழித்து மறுபடி தேர்வு. வெண்கலப் பலகையை ஊர் எல்லையில் நட்டுவிட்டுத் தூங்கிவிடுகிற நிர்வாகங்களுக்கு அந்தக் கெடு ஒரு நல்ல குட்டு.

ஜெர்மனியில் கதை தலைகீழ். ஏ.டி.எஃப்.சி. என்ற சைக்கிள் ஓட்டுவோர் சங்கம் நடத்தும் ‘ஃபாராட்கிளிமா டெஸ்ட்’டில் நகராட்சிக்கு வாய் திறக்கவே இடமில்லை. மார்க் போடுவது ஓட்டுகிறவர்கள். 2022-இல் சுமார் 2,45,000 பேர் பதில் சொல்லி, 1,114 ஊர்கள் தரவரிசையில் வந்தன. மார்க்கும் அந்த நாட்டுப் பள்ளிக்கூட முறைப்படிதான். 1 என்றால் பிரமாதம், 6 என்றால் ஃபெயில்.

கேள்விகளைப் பார்த்தால் கேட்டவரும் சைக்கிளில்தான் வந்திருப்பார் என்று தெரியும். ‘எங்கள் ஊரில் சைக்கிள் ஓட்டுவது சந்தோஷம்’ என்று ஒரு முனை, ‘டென்ஷன்’ என்று மறு முனை. நடுவில் எங்கே நிற்கிறீர்கள் என்று குறிக்க வேண்டும். பனி விழுந்தால் தடத்தைச் சுத்தம் செய்கிறார்களா? சாலையைத் தோண்டிப் போட்டால் சைக்கிளுக்கு மாற்று வழி விடுகிறார்களா? சைக்கிள் திருடு போகிறதா? தடத்தில் காரை நிறுத்தினால் யாராவது கேட்கிறார்களா? வழக்கமாக மோசமான மார்க் விழுவது இந்தக் கடைசிக் கேள்விக்கும், தோண்டிப்போட்ட சாலைக்கும்தான். எத்தனை மைல் தடம் போட்டோம் என்று நகராட்சி சொல்லலாம். அதன் நடுவே ஒரு வேன் நின்றால் ஓட்டுகிறவர் சட்டென்று கார்களுக்கு நடுவே இறங்க வேண்டும். அந்தத் திக்கென்ற நொடி மைல் கணக்கில் வராது, மார்க்கில் வந்துவிடும்.

அந்த ஆண்டு நாடு முழுவதுக்குமான சராசரி 3.96. பல காலமாக சைக்கிள் நகரம் என்று பேர் வாங்கிய மூன்ஸ்டருக்கே 3-ஐ ஒட்டித்தான் கிடைத்தது. தன் அளவு நகரங்களில் முதலிடம் வாங்கியும் ‘பரவாயில்லை’ ரகம் என்றால் மேயர் எந்த முகத்தோடு மாலை வாங்கிக்கொள்வார்! எனக்கு இந்த விருது பிடித்துப்போனதே இதனால்தான். ஒரு குறையும் உண்டு. மனமுவந்து பதில் சொல்ல வருகிறவர்களில் ஏற்கெனவே சைக்கிள்மேல் பற்றுள்ளவர்களே அதிகம். பயந்துபோய் சைக்கிளைத் தொடாதவரின் குரல் அதில் அவ்வளவாகக் கேட்காது.

நெதர்லாந்தின் ‘ஃபீட்ஸ்டாட்’ விருதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. எல்லோரும் 90 வாங்குகிற வகுப்பில் முதல் ரேங்க் கொடுப்பது மாதிரி. 2008-இலும் 2018-இலும் வென்ற ஹௌடன் நகரம் மட்டும் தனி ரகம். அங்கே ஒரு குடியிருப்பிலிருந்து இன்னொன்றுக்குக் காரில் போக, வெளியே உள்ள வட்டச் சாலைக்குப் போய்ச் சுற்றி வர வேண்டும். சைக்கிளுக்கோ ஊருக்குள்ளேயே நேர் வழி. ஊரை வரையும்போதே எடுத்த முடிவு அது. விருதுக்காகப் பிற்பாடு ஒட்டியது இல்லை.

இந்தியாவின் ‘இந்தியா சைக்கிள்ஸ்4சேஞ்ச் சேலஞ்ச்’ வேறு நோக்கத்தோடு வந்தது. 2020-இல், கொரோனா காலத்தில், ஒன்றிய அரசின் ஸ்மார்ட் சிட்டி திட்டம் இதை அறிவித்தது. இங்கே சாதனைக்கு அல்ல, ஆரம்பத்துக்குப் பரிசு. 107 நகரங்கள் பதிவு செய்தன. கூம்பும் பெயிண்டும் வைத்துத் தற்காலிகத் தடம் போட்டுப் பார், மக்களைக் கேள், மாற்று என்றார்கள். கடைசியில் 11 நகரங்களுக்குத் தலா 1 கோடி ரூபாய். சூரத், பெங்களூரு வரிசையில் மலைமேல் இருக்கும் கோஹிமாவும் இருந்தது அழகு. யோசனையாக இதைவிட நல்லதைச் சொல்வது கடினம். பெருந்தொகை செலவழிக்காமலே ஒரு தெரு எப்படி மாறும் என்று காட்டிவிடலாம். ஆனால் சவால் ஒரு முறை நடந்து முடிகிற பந்தயம். அமெரிக்காவில் போல 4 ஆண்டு கழித்து வந்து ‘போட்ட தடம் இருக்கிறதா’ என்று கேட்க ஆள் வேண்டாமா? கூம்பை எடுத்தால் கோடு மட்டும் மிஞ்சும், மழை வந்தால் அதுவும் போகும்.

சரி, யாருமே படிவம் நிரப்பாமல் மார்க் போட முடியாதா? முடியும். அமெரிக்காவிலேயே ‘பீப்பிள்ஃபார்பைக்ஸ்’ என்ற அமைப்பு கணினியிடம் விட்டுவிடுகிறது. எல்லோரும் திருத்தக்கூடிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தை எடுத்து, பதற்றமில்லாத தெருக்கள் வழியாகவே வீட்டிலிருந்து பள்ளிக்கும் கடைக்கும் வேலைக்கும் போய்ச் சேர முடிகிறதா என்று கணக்குப் போட்டு, 100-க்கு இத்தனை என்று சொல்கிறது. தெருவின் வேக வரம்பும் இதில் சேரும். ஓட்டுப் பொறுக்க முடியாது, மேயரின் பேச்சும் எடுபடாது. தடம் பாதியில் அறுந்துபோனால் அங்கேயே மார்க் குறையும். துண்டு துண்டாகத் தடம் போட்டுவிட்டு மொத்தக் கிலோமீட்டரைச் சொல்லிப் பெருமைப்படுகிற ஊர்களுக்கு இது சரியான மருந்து.

வேடிக்கை என்னவென்றால், வரைபடத்தில் ஒருவர் தடத்தைக் குறிக்க மறந்திருந்தால் அந்த ஊருக்கு அந்தத் தடமே இல்லை. அதனால் மார்க் குறைந்தால் முதல் வேலை, கணினி முன் உட்கார்ந்து விடுபட்ட கோடுகளை வரைவது. வரைந்து முடித்தால் மார்க் ஏறும். தடத்தின் நடுவே அந்த வேன் நிற்பது மட்டும் வரைபடத்தில் தெரியாது.