‘ஐ ஆம் லெஜண்ட்’: மூன்று படங்களில் எதைப் பார்க்கலாம்?

ரிச்சர்ட் மேத்சன் 1954இல் எழுதிய ‘ஐ ஆம் லெஜண்ட்’ நாவல் மூன்று முறை நேரடியாகப் படமாகியிருக்கிறது. மூன்று படங்களிலும் ஊர் வெறிச்சோடிக் கிடப்பதை அருமையாகக் காட்டுகிறார்கள். ஆனால் நாவலின் முடிவை நெருங்கும்போது படம் எடுத்தவர்களுக்குத் துணிச்சல் போய்விடுகிறது. அந்த முடிவுதான் நாவலின் உயிர் என்பதால், இந்தப் படங்களை அதை வைத்தே எடைபோட வேண்டும் என்று நினைக்கிறேன். முடிவைச் சொல்லாமல் இதை எழுத வழியில்லை. நாவலைப் படிக்க எண்ணியிருப்பவர்கள் முதலில் அதைப் படித்துவிட்டு வரலாம்.

கொள்ளைநோய் ஒன்று மனிதர்களை இரத்தக்காட்டேரிகளாக்கிவிட, லாஸ் ஏஞ்சலஸில் ராபர்ட் நெவில் மட்டும் நோய் தொற்றாமல் மிஞ்சுகிறான். பகலில் உறங்கிக் கிடப்பவர்களைத் தேடிப்போய் மர ஆப்பு அறைந்து கொல்கிறான். இரவில் பூண்டு கட்டித் தொங்கவிட்ட வீட்டுக்குள் அடைந்து கிடக்க, முன்பு பக்கத்து வீட்டில் இருந்த பென் கார்ட்மன் வாசலில் நின்று அவனை வெளியே வரச்சொல்லிக் கத்துகிறான். நோயோடு வாழ மருந்து கண்டுபிடித்த ஒரு கூட்டம் புதிய சமூகமாகத் திரண்டுவிட்டதையும், தான் கொன்றவர்களில் அவர்களுடைய ஆட்களும் இருந்ததையும் அவன் கடைசியில்தான் அறிகிறான். சிறைப்பட்ட நெவில் சன்னல் வழியே பார்க்கும்போது, கீழே நிற்பவர்கள் அவனைக் கண்டு அஞ்சுகிறார்கள். இனி அவர்களுடைய பேய்க்கதை தான்தான் என்பது அப்போது அவனுக்கு உறைக்கிறது.

1964இல் வந்த ‘தி லாஸ்ட் மேன் ஆன் எர்த்’ ரோம் நகரில் எடுக்கப்பட்ட கறுப்பு வெள்ளைப் படம். திரைக்கதையில் மேத்சனுக்குப் பங்கு உண்டு என்றாலும், வந்த வடிவம் பிடிக்காமல் லோகன் ஸ்வான்சன் என்ற புனைபெயரையே போட்டுக்கொண்டார். எனக்கு என்னவோ மூன்றில் இதுவே நாவலுக்கு நெருக்கமாகப் படுகிறது. நாயகனாக வரும் வின்சென்ட் பிரைஸ் காலையில் எழுந்து, கடைசல் இயந்திரத்தில் ஆப்பு சீவி, பிணங்களை வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய் எரியும் பள்ளத்தில் தள்ளுகிறார். அலுவலகத்துக்குப் போய்வருபவரின் சலிப்புதான் அவர் முகத்தில் தெரிகிறதே தவிர, வீரம் சிறிதும் இல்லை. மருந்தோடு வாழும் புதிய சமூகமும் இதில் உண்டு. இருந்தும் அவரது இரத்தமே நோயைத் தீர்க்கும் என்று ஒரு திருப்பத்தை வைத்து, அவரை மீட்பராக்கப் பார்த்துவிட்டார்கள்.

1971இன் ‘தி ஒமேகா மேன்’ படத்தைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. காட்டேரிகள் போய், அறிவியலை வெறுக்கும் கறுப்பு அங்கிக் கூட்டம் வந்துவிட்டது. ஆளில்லாத திரையரங்கில் நாயகன் சார்ல்டன் ஹெஸ்டன் தனியாக அமர்ந்து, பலமுறை பார்த்த படத்தின் வசனங்களைக் கூடவே சொல்லும் காட்சி மட்டும் மனத்தில் நிற்கிறது.

பிரான்சிஸ் லாரன்ஸ் இயக்கி வில் ஸ்மித் நடித்த 2007ஆம் ஆண்டுப் படத்தைத்தான் நம்மில் பலர் பார்த்திருப்போம். 2020 ஊரடங்கில், நெரிசலுக்குப் பேர்போன சில்க் போர்டு சந்திப்பு ஆளரவமின்றிக் கிடந்ததைக் கண்ட பெங்களூர்வாசிகளுக்கு, புல் முளைத்த நியூயார்க் வீதிகள் முன்பைவிட இப்போது ஆழமாகத் தைக்கும். நாவலில் நெவில் ஆலைத் தொழிலாளி. நூலகத்துப் புத்தகங்களை வைத்துத் தானே நோயியல் கற்றுக்கொள்கிறான். இங்கே அவன் இராணுவ ஆய்வாளன் என்பதால் அந்தத் தட்டுத்தடுமாறும் படிப்பு காணாமல்போய்விட்டது. ஆனால் ஒரு காட்சியை இந்தப் படம் மிக நுட்பமாக அமைத்திருக்கிறது. நெவில் நோய் தொற்றிய ஒரு பெண்ணைச் சோதனைக்காகப் பிடித்துக்கொண்டுபோகும்போது, அவளுடைய கூட்டத்தின் தலைவன் வெயில் சுடும் என்று தெரிந்தும் நிழலைவிட்டு முகத்தை நீட்டுகிறான். அது அவளுக்காக என்பது நெவிலுக்குப் புரியவில்லை. மனித குணம் முற்றிலும் அற்றுப்போனதற்கான அடையாளம் என்று குறிப்பில் பதிகிறான்.

இவ்வளவு கவனமாக இட்ட விதையைத் திரையரங்குகளுக்கு வந்த வடிவம் முளைக்கவே விடவில்லை. நெவில் மருந்தை வேறொரு பெண்ணிடம் ஒப்படைத்துவிட்டு, கையெறி குண்டை வெடித்துத் தியாகியாகிறான். படமாக்கிக் கைவிடப்பட்ட மாற்று முடிவிலோ, தலைவன் கண்ணாடியில் ஒரு பட்டாம்பூச்சியை வரைகிறான். சோதனை மேசையில் கிடப்பவளின் உடலில் குத்தியிருக்கும் பச்சையும் அதுவே. நெவில் அவளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தன் சோதனைகளில் இறந்தவர்களின் படங்கள் ஒட்டிய சுவரைப் பார்க்கிறான். நாவல் கேட்ட கேள்வி அங்கேதான் படத்துக்குள் வருகிறது.

1964ஆம் ஆண்டுப் படம் அமெரிக்காவில் பதிப்புரிமை இல்லாமல் பொதுவில் இருப்பதால் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும். நாவலைப் பெங்களூர் சர்ச் தெருவின் பழைய புத்தகக் கடைகளில் தேடிப் பார்க்கலாம். 2007ஆம் ஆண்டுப் படத்தின் டிவிடியையோ புளூரேயையோ வாங்குவதென்றால், மாற்று முடிவு உள்ள பதிப்புதானா என்று உறையைப் பார்த்து உறுதிசெய்துகொண்ட பிறகே பணம் கொடுங்கள்.