ஹூஸ்டனில் ஒரு பழைய ராணுவ லாரி, ஒரு ஜெனரேட்டர்: டீசல் பராமரிப்பு அனுபவம்

அமெரிக்க ராணுவம் கழித்து ஏலம் விட்ட இரண்டு இயந்திரங்களை ஹூஸ்டன் பக்கத்தில் பல வருடங்களாக வைத்துப் பராமரித்து வருகிறேன். ஒன்று எம்35ஏ2, இரண்டரை டன் லாரி. இன்னொன்று எம்.இ.பி-803ஏ, 10 கிலோவாட் டீசல் ஜெனரேட்டர். வாங்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் என்ஜின் எப்படி என்றுதான் கேட்கிறார்கள். நான் பார்த்தவரை இரண்டிலும் என்ஜின்தான் கடைசியாகப் படுக்கும். தொல்லை எல்லாம் டேங்கிலிருந்து, சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் வரைக்குமான பாதையில் வருகிறது. நேரத்தையும் பணத்தையும் அங்கே போடுங்கள்.

லாரியில் இருப்பது எல்.டி.டி-465 என்ஜின். ஆறு சிலிண்டர், சுமார் 7.8 லிட்டர், டர்போ உண்டு. டீசல், மண்ணெண்ணெய், ஜெட் எரிபொருள், அவசரத்துக்குப் பெட்ரோல்கூடக் குடித்து ஓடும்படி செய்தது. பிஸ்டன் தலையில் ஒரு கிண்ணம் குடைந்து, எரிபொருளை அதன் சுவரில் படியவிட்டு ஆவியாக்கி எரிக்கும் இந்த முறை ஜெர்மனியின் மான் நிறுவனத்துடையது. இந்திய ராணுவத்தின் சக்திமான் லாரிகளும் அதே மான் உரிமத்தில் ஜபல்பூரில் தயாரானவைதான். முதல் தடவை இந்த என்ஜினைப் பற்றிப் படித்தபோது அந்த உறவு எனக்கு மிகவும் பிடித்துப்போனது.

பலவகை எரிபொருளைச் சமாளிக்க, இன்ஜெக்டர்களுக்கு டீசலை அழுத்தித் தள்ளும் இன்ஜெக்ஷன் பம்பின் பக்கத்தில் அடர்த்தி ஈடுசெய்யும் ஒரு கருவி இருக்கிறது. எரிபொருள் இலேசானதாக இருந்தால் அளவைக் கூட்டிக் கொடுக்கும். நாம் டீசல் மட்டும் ஊற்றப்போகிறோம் என்றால் அதன் வேலை நமக்குத் தேவையில்லை. ஆனால் வயதான பிறகு அதிலுள்ள ஓ-ரிங்குகள் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையங்கள்) இறுகி, டீசல் கசிந்து நேராக என்ஜின் ஆயிலில் கலந்துவிடும். வெளியே ஒரு சொட்டுகூடத் தெரியாது. டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் ஏறும், முகர்ந்தால் டீசல் வாடை வரும், விரலில் தேய்த்தால் தண்ணீராக ஓடும். அந்த ஆயிலோடு ஓட்டினால் பேரிங் போய்விடும். ஆயில் குறைந்திருக்கிறதா என்று எல்லோரும் பார்க்கிறோம். இந்த லாரியில் கூடியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும், ஒவ்வொரு தடவை ஸ்டார்ட் செய்வதற்கு முன்னும். நான் டீசல் அந்தக் கருவி வழியே போகாதபடி பைபாஸ் செய்துவிட்டேன். பலரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

"மல்டிஃப்யூவல்தானே" என்று கழிவு ஆயிலை வடிகட்டி ஊற்றுகிறவர்கள் இங்கே நிறைய. நான் ஊற்றமாட்டேன். இன்ஜெக்ஷன் பம்பில் டீசலை அளந்து அழுத்தும் பகுதியான ஹைட்ராலிக் ஹெட் கிடைப்பது அரிது, விலையும் அதிகம். அதற்குள் உலோகத் துகளை அனுப்பி மிச்சம் பிடிக்க எனக்கு மனம் வரவில்லை.

ஜெனரேட்டரில் லிஸ்டர் பெட்டர் எல்.பி.டபிள்யூ4 என்ஜின். நான்கு சிலிண்டர், தண்ணீரால் குளிர்வது, 1800 ஆர்.பி.எம். இதற்கு வேலை கொடுத்தால் ஓடும், சும்மா ஓடவிட்டால் கெடும். லோடு குறைவாக இருந்தால் சிலிண்டர் போதிய சூடு ஏறாது; எரியாத டீசல் சைலன்சர் வாயில் கருப்புப் பிசுக்காக வழியும். 2024 ஜூலையில் பெரில் புயல் வந்து, இந்தப் பகுதியில் 20 லட்சத்துக்கும் மேலான இணைப்புகளில் மின்சாரம் போனது. பகலில் ஏ.சி. ஓடியதால் கவலையில்லை. இரவில் ஃபிரிட்ஜும் மின்விசிறியும் மட்டும் என்றால் லோடு போதாது. அதனால் வாட்டர் ஹீட்டரை இரவுக்கென்று ஒதுக்கினேன். சாதாரண வீட்டு ஹீட்டரே 4.5 கிலோவாட் இழுக்கும், என்ஜினுக்கு அது நல்ல தீனி. புயல் இல்லாத மாதங்களிலும் ஒருமுறை ஹீட்டர்களை மாட்டி ஒரு மணி நேரம் ஓட்டுகிறேன். லோடு இல்லாமல் ஐந்து நிமிடம் ஓட்டி அணைப்பது பராமரிப்பே ஆகாது.

பேனலில் 'பேட்டில் ஷார்ட்' என்று ஒரு சுவிட்ச் இருக்கும். ஆயில் பிரஷர் விழுந்தாலும், சூடு ஏறினாலும் என்ஜினை அணைக்காதே என்று சொல்வது அது. போர்க்களத்துக்கு வைத்தது; வீட்டில் அதைத் தொடவே வேண்டாம்.

இனி டீசல். ஹூஸ்டனின் ஈரக்காற்றில் பாதி காலியான டேங்க் தண்ணீர் சேர்க்கும். தண்ணீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் நுண்ணுயிர் வளர்ந்து கருப்புக் கசடாகி ஃபில்டரை அடைக்கும். டேங்கை நிரப்பியே வைக்கிறேன், வருடத்துக்கு ஒருமுறை கிருமிக்கொல்லி கலக்கிறேன். லாரியில் மூன்று ஃபில்டர்கள் வரிசையாக உண்டு. ஒவ்வொன்றின் அடியிலும் திறந்து கொஞ்சம் கண்ணாடிக் குப்பியில் பிடித்து ஒரு மணி நேரம் விட்டுப் பாருங்கள். அடியில் தனியாக ஒரு கோடு தெரிந்தால் தண்ணீர். இப்போதைய டீசலில் கந்தகம் அதிகபட்சம் 15 பிபிஎம்தான் (பத்து லட்சத்தில் 15 பங்கு), வழவழப்பும் குறைவு, அதனால் பழைய பம்புகளுக்காக லூப்ரிசிட்டி மருந்தும் சேர்க்கிறேன்.

இரண்டு இயந்திரமும் இருப்பதில் ஒரு பெரிய வசதி: ஜெனரேட்டருக்குச் சேமித்த டீசல் ஆறு மாதத்தில் லாரி டேங்குக்குப் போகும், பீப்பாய்க்குப் புதிது வரும். பழைய டீசல் என்ற பேச்சே எழாது. ஒரே நிபந்தனை, வரி கட்டிய சாலை டீசலையே வாங்க வேண்டும். மலிவாகக் கிடைக்கும் சிவப்புச் சாயமிட்ட டீசலோடு லாரி ரோட்டில் ஏறினால் அபராதம். இரண்டுமே 24 வோல்ட் என்பதால் ஜெனரேட்டர் பேட்டரி படுத்தாலும் ராணுவ ஸ்லேவ் கேபிளை (ஒன்றின் பேட்டரியிலிருந்து இன்னொன்றுக்கு மின்சாரம் கொடுக்கும் தடித்த கம்பி) மாட்டி லாரியிலிருந்து எழுப்பிவிடலாம்.

குளிரையும் மறக்காதீர்கள். 2021 பிப்ரவரியில் ஹூஸ்டனிலேயே மைனஸ் 10 டிகிரி செல்சியஸ் வரை இறங்கியது. தெற்கே விற்கும் சாதாரண டீசலில் அந்தக் குளிரில் மெழுகு திரண்டு ஃபில்டரை மூடும். உறையாமலிருக்கும் மருந்தை அதற்கு முன்பே கலக்க வேண்டும், திரண்ட பிறகு ஊற்றிப் பயனில்லை.

வாங்கியவுடன் நான் செய்யச் சொல்வது: எரிபொருள் ரப்பர் ஹோஸ் அத்தனையையும் மாற்றுங்கள், பார்க்க நன்றாக இருந்தாலும். உறிஞ்சும் பக்கத்தில் ஒரு மயிரிழை வெடிப்பு இருந்தால் டீசல் வெளியே வராது, காற்று உள்ளே போகும். ராத்திரி நின்ற வண்டி காலையில் ஸ்டார்ட் ஆகாது, நீங்கள் பேட்டரியைச் சந்தேகித்துக்கொண்டிருப்பீர்கள். லாரிக்கு டிஎம் 9-2320-361, ஜெனரேட்டருக்கு டிஎம் 9-6115-642 என்ற ராணுவக் கையேடுகள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஹோஸ் வரிசை, ஃபில்டர் எண், குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றும் முறை எல்லாம் படத்தோடு இருக்கிறது. ஏலத்தில் கை தூக்கும் முன்பே படித்துவிடுங்கள்.