புளியங்கொட்டை அளவு பிளாஸ்டிக்

போன வாரம் நண்பன் ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினான். மூன்று வருடத்துக்கு முன்னால் நான் 62,000 ரூபாய் கொடுத்து வாங்கிய அதே பிளேனர் ஹெட்போன், இப்போது 41,000. கீழே ஒரே வரி: "மச்சான், தூக்கிரலாமா?" வேண்டாம்டா என்று போட்டேன். "ஏன்? நீதானே அதை என் காதுல மாட்டிவிட்டுக் கெடுத்தே?" என்றான். நியாயமான கேள்வி. வாட்ஸாப்பில் பதில் அடிக்க ஆரம்பித்து, கட்டைவிரல் வலி எடுத்ததும் லேப்டாப்பைத் திறந்துவிட்டேன்.

கம்பெனி பேரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் அதன் ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள், எனக்கு அதற்குத் தெம்பில்லை. என்னிடம் இருக்கும் இன்னொன்று சென்ஹைசர் எச்டி 600, 2016ல் வாங்கியது. இரண்டும் ஓப்பன் பேக், அதாவது கோப்பையின் வெளிப்பக்கம் மூடாத வகை. ஸ்பெக் எல்லாம் தேடினால் கிடைக்கும், அதனால் நேராக விரிசலுக்கு வருகிறேன்.

வாங்கி இருபத்தாறாவது மாதம். வாரண்டி ஒரு வருடம்தான், அது முடிந்து பதினான்கு மாதம் ஆகியிருந்தது. கீழே விழவில்லை, யாரும் மிதிக்கவில்லை, மேல் உட்காரவில்லை. ராத்திரி பதினோரு மணிக்கு ஸ்டாண்டிலிருந்து எடுத்துத் தலையில் வைக்கும்போது 'டிக்' என்று ஒரு சத்தம். வலது பக்கக் கோப்பை தோள்மேல் சாய்ந்து, கேபிளில் தொங்கியது.

அந்த ஹெட்போனில் எல்லாமே ஆடம்பரம். கோப்பை நிஜ மரம், அதைத் தாங்கும் வளைவு அலுமினியம், தலைப்பட்டை ஆட்டுத்தோல். டப்பாவைத் திறந்தபோது வீட்டுக்காரி, "நகை வாங்கிட்டீங்களோன்னு பார்த்தேன்" என்றாள். இத்தனைக்கும் நடுவே, அலுமினிய வளைவையும் தலைப்பட்டையையும் இணைக்கும் இடத்தில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் துண்டு. அதுதான் மொத்த பாரத்தையும் சுமக்கிறது. அதுதான் பிளந்தது.

பாரம் கொஞ்சநஞ்சம் இல்லை, 430 கிராம். பிளேனர் என்றாலே அப்படித்தான். சாதாரண ஹெட்போனில் ஒரு சுருள் கம்பி நடுவில் இருந்து கூம்பை இழுத்துத் தள்ளும். பிளேனரில் மெல்லிய படலம் முழுவதும் மின்தடம் ஓடும். அதை ஒட்டிக் காந்தப் பட்டைகள் வரிசையாக நிற்கும். படலம் மொத்தமும் ஒன்றாக அசையும். காந்தம் கூடக்கூட எடை கூடும். இது ஒன்றும் நேற்றுக் கண்டுபிடித்த வித்தை இல்லை. யமஹா 1976லேயே எச்பி-1 என்று இந்த வகையில் ஒன்றைக் கொண்டுவந்தது. அதற்கு உருவம் கொடுத்தவர் இத்தாலியின் மாரியோ பெல்லினி. தலையில் எப்படி நிற்க வேண்டும் என்று யோசிக்க அன்றே பெரிய வடிவமைப்பாளரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அரை நூற்றாண்டு கழித்து என் தலைக்கு வந்தது புளியங்கொட்டை.

மெயில் போட்டேன். ஒன்பது நாள் கழித்து ரொம்ப மரியாதையாகப் பதில் வந்தது: அந்தத் துண்டு தனியாக வராது, தலைப்பட்டையை முழு செட்டாகத்தான் தருவோம், 14,500 ரூபாய், கூரியர் தனி, எட்டு வாரம் ஆகும். அந்த மெயிலை இன்னும் அழிக்கவில்லை. கோபம் குறைகிற மாதிரி தோன்றும்போதெல்லாம் எடுத்துப் படிக்கிறேன்.

கடைசியில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெருவுக்குப் போனேன். மாடிப்படிக்குக் கீழே ஒரு மேசையும் சால்டரிங் அயர்னும் வைத்திருக்கும் அண்ணன் ஒருவர். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது எவ்வளவு சார்?" என்றார். சொன்னேன். "எல்லாம் தேக்குல பண்ணிட்டு ஆணிக்குப் பதிலா தீக்குச்சி வச்சிருக்கான்" என்றார். உடைந்த இரண்டு பக்கமும் மெல்லிசாகத் துளை போட்டு, சைக்கிள் ஸ்போக்கில் ஒன்றரை சென்டிமீட்டர் வெட்டி உள்ளே செருகி, மேலே எம்-சீல் பூசினார். 250 ரூபாய். பார்க்க அசிங்கம்தான், மரக் கோப்பைக்கு மேலே வெந்த வெள்ளைச் சோற்றுப் பருக்கை ஒட்டின மாதிரி. பத்து மாதமாக அசையவில்லை.

இப்போது எச்டி 600. இந்த வடிவம் 1997ல் வந்தது. என்னுடையது அந்தப் பழைய சலவைக்கல் புள்ளி போட்ட பெயின்ட். முதல் நாள் பார்க்கும்போது பாத்ரூம் டைல்ஸ் ஞாபகம் வந்தது, இன்றைக்கும் வருகிறது. எடை 260 கிராம். ஒன்பது வருடத்தில் இரண்டு முறை இயர்பேட், ஒரு முறை தலைப்பட்டைப் பஞ்சு, ஒரு முறை கேபிள் மாற்றியிருக்கிறேன். கேபிள் போனது என் தப்பு: மூன்று மீட்டர் கம்பி, நாற்காலிச் சக்கரம், அவ்வளவுதான். எதற்கும் ஸ்க்ரூ டிரைவர் தேவைப்படவில்லை. இயர்பேடைப் பிடித்து இழுத்தால் வரும். வெளிவலையை நகத்தால் நெம்பினால் வரும். டிரைவர் என்கிற, ஒலி எழுப்பும் பாகத்தையே விரலால் கழற்றி மாட்டலாம். சின்ன வயதில் அப்பா பிலிப்ஸ் ரேடியோவின் பின்பக்கத்தைத் திறந்து தூசி தட்டுவார், நாங்கள் சுற்றி உட்கார்ந்து பார்ப்போம். அந்தச் சுகம் இதில் இருக்கிறது.

2022ல் சென்ஹைசரின் நுகர்வோர் பிரிவு, செவித்துணைக் கருவி செய்யும் சுவிட்சர்லாந்தின் சொனோவா கைக்குப் போனது. இனி உதிரிபாகம் கிடைக்காது என்று பயந்து, அவசரமாக ஒரு ஜோடி இயர்பேட் வாங்கி பீரோவில் சேலைகளுக்கு அடியில் வைத்தேன். வீண் பயம். அதற்கப்புறமும் கிடைத்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அந்த ஜோடியைத்தான் சென்ற மாதம் மாட்டினேன். பழைய பேட் அப்பளமாகி, பாடகர் மூக்குக்கு நேராக வந்து நின்று பாடிக்கொண்டிருந்தார். புதுசு போட்டதும் இரண்டடி பின்னால் போய்ப் பாய் விரித்து உட்கார்ந்தார். பழைய ஹெட்போன் டல்லடிக்கிறது என்று விற்கப் போகிறவர்கள் முதலில் பேடை மாற்றிப் பாருங்கள்.

சத்தத்துக்கு வருவோம். குரல் என்றால் எச்டி 600தான். மேடையிலிருந்து மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து கேட்கிற மாதிரி. வித்துவான் மூச்சை எங்கே திருடுகிறார் என்பது வரைக்கும் தெரியும். ஆனால் மேடை சிறியது. சபா இல்லை, கல்யாண வீட்டுக் கூடம். 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே அடி ஒலி மெல்ல நழுவிவிடும். மிருதங்கத்தின் வலது முகமான வலந்தலையில் விரல் விழுவது துல்லியமாக வரும், இடது முகமான தொப்பியில் ரவை ஒட்டி எடுக்கிற கும்கி என்ற அந்த அடிநாதம் கிளம்பும், ஆனால் வயிற்றுக்கு இறங்காது.

பிளேனரில் இறங்கும். முதல்முறை ஒரு தனி ஆவர்த்தனத்தை அதில் கேட்டபோது, கும்கி இடது காதில் ஆரம்பித்து எங்கேயோ பிடரிக்குக் கீழே போய் முடிந்தது. தம்புராவைச் சொல்லவே வேண்டாம். தந்தியைத் தாங்கும் குதிரைக்கும் தந்திக்கும் நடுவே ஜீவா நூலைச் சரியான இடத்தில் நகர்த்தி வைத்தால் தந்தி ரீங்கரிக்கும் இல்லையா, அந்த ரீங்காரம் மற்ற ஹெட்போன்களில் ஒரு மூட்டமாகக் கேட்கும். இதில் இழை இழையாகப் பிரிந்து, மேலே மேலே ஏறி, ஒவ்வொன்றாக அணைவது கேட்கும். பாட்டு ஆரம்பிக்கிற வரை காத்திருப்பதுதான் வழக்கம். நான் தம்புராவை மட்டும் நாலு நிமிடம் கேட்டுவிட்டுப் படுத்த ராத்திரிகள் உண்டு. சொல்ல வெட்கமாக இருக்கிறது, உண்மை அதுதான்.

இதற்கு ஒரு தண்டனையும் உண்டு. மேல் ஒலி கொஞ்சம் காரம். கேசட்டிலிருந்து எடுத்த பழைய கச்சேரிகளைப் போட்டால் நாடாவின் இரைச்சல், மைக்கின் இருமல், பின்வரிசையில் பிளாஸ்க் மூடி திறக்கிற சத்தம் எல்லாம் வித்துவானுக்குச் சமமாக உட்காரும். நாகஸ்வரம் என்றால் வால்யூமை இரண்டு புள்ளி குறைத்துவிட்டுத்தான் கேட்கிறேன். எச்டி 600 இந்தக் குறைகளையெல்லாம் பெரிய மனசு பண்ணி மறைத்துவிடும். என் சேமிப்பில் முக்கால்வாசி கேசட் பதிவுகள்தான் என்பதைக் கணக்கில் எடுத்தால், 62,000 ரூபாயைக் கொண்டுபோய் எங்கே போட்டேன் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

விலைக்கும் சத்தத்துக்கும் சம்பந்தம் உண்டா என்று நண்பன் கேட்டான். 2017ல் ஜெரோன் பிரீபார்ட் என்பவர் 283 ஹெட்போன்களின் அளவீடுகளை எடுத்துக்கொண்டு, எந்த ஒலியை எவ்வளவு உரக்கத் தருகிறது என்று காட்டும் அதிர்வெண் வளைவுக்கும் விற்பனை விலைக்கும் தொடர்பு தென்படவில்லை என்று அமெரிக்க ஒலியியல் சங்கத்தின் ஆய்விதழில் எழுதினார். அதைப் படித்தது பிளேனர் வாங்கிய பிறகு. முன்னால் படித்திருந்தாலும் வாங்கியிருப்பேன். தம்புராவின் இழை அந்த வளைவில் எங்கே இருக்கிறது என்று வாதாடியிருப்பேன்.

ஆம்ப், அதாவது ஒலியைப் பெருக்கும் பெட்டி, தனியாக வேண்டுமா என்பது அவனுடைய அடுத்த கேள்வி. எச்டி 600 பக்கத்தில் மின்தடை 300 ஓம் என்று போட்டிருப்பதைப் பார்த்துப் பயந்திருக்கிறான். ஒரு வோல்ட் கொடுத்தால் 97 டெசிபல் வரும், அதற்கு மூன்றரை மில்லிவாட்கூடத் தேவையில்லை. ஒரு வோல்ட் தரும், போனில் செருகும் டாங்கிள் இருந்தால் சினிமாப் பாட்டுக்கு எதேஷ்டம். ரொம்பச் சன்னமான சத்தத்தில் பதிவான கச்சேரிக்குத்தான் போதாமல் போகும். என் பிளேனர் 35 ஓம், அதற்கு வோல்டைவிடக் கரண்ட் வேண்டும். ஆக அதற்குத்தான் மேசை ஆம்ப் வாங்கினேன். அந்தச் செலவை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. சேர்த்தால் வீட்டில் யாராவது படித்துவிடுவார்கள்.

இதையெல்லாம்விட முக்கியமானதை எந்த யூடியூப்காரரும் சொல்வதில்லை. அவர்கள் ஊரில் ஃபேன் கிடையாது போலிருக்கிறது. ஓப்பன் பேக் என்றால் உள்ளே இருப்பது வெளியே கேட்கும், வெளியே இருப்பது உள்ளே கேட்கும். மேற்கு மாம்பலத்தில் மே மாதம் ஃபேனை அணைத்தால் ஒரு ராகம் முடிவதற்குள் இயர்பேட் நனைந்துவிடும். போட்டால், நுணுக்கமான ஆலாபனையில் எல்லாம் மோட்டார் சுருதி சேர்க்கும். என்ன செய்வோம்? வால்யூமை ஏற்றுவோம். உலக சுகாதார நிறுவனம் 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம்தான் பத்திரம் என்கிறது. ஏற ஏற அந்த நேரம் மளமளவென்று சுருங்கும். ஃபேனுக்குப் பயந்து காதைக் கொடுக்க முடியுமா? கடைசியில் பிஎல்டிசி ஃபேன் வாங்கி மாட்டினேன். பழையது 75 வாட் இழுத்தது, இது முப்பது சொச்சம். வீட்டில் கரண்ட் பில்லுக்காக மாற்றினேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். முனகல் போய்விட்டது, காற்றின் இரைச்சல் மட்டும் மிச்சம். இரண்டு ஹெட்போனிலும் சேர்த்து எனக்குக் கிடைத்த பெரிய முன்னேற்றம் இதுதான் என்றால் பொய்யில்லை.

மெட்ரோவுக்கும் பஸ்ஸுக்கும் இது இரண்டும் உதவாது. அதற்கு சோனி டபிள்யூஎச்-1000எக்ஸ்எம்4 வைத்திருக்கிறேன். சுற்றுச்சத்தத்தை அமுக்கிவிடும், மடித்துப் பைக்குள் போடலாம், வேலை முடிந்தது. அதைப் பற்றி எழுத ஒன்றும் தோன்றவில்லை. அதுவே ஒரு பாராட்டுத்தான்.

ஆக, நண்பனுக்கு என் பதில்: எச்டி 600 வாங்கு. உன் பிள்ளை காலேஜ் போகும்போதும் ஓடும். உடைந்தால் நீயே மாட்டிக்கொள்ளலாம். நீ கேட்பது எண்பதுகளின் பாட்டு, அதற்கு இதைவிடப் பொருத்தமான ஹெட்போன் நான் கேட்டதில்லை. புளியங்கொட்டை பக்கம் போகாதே. 41,000 இல்லை, இருபதுக்குக் கொடுத்தாலும் வேண்டாம். பாகம் கொடுக்காதவன் பொருளைப் பரணில் போடத்தான் வாங்க வேண்டும்.

இப்படி எழுதி அனுப்பினேன். சரி மச்சான் என்று அன்றைக்கே எச்டி 600 ஆர்டர் போட்டுவிட்டான்.

ராத்திரி பிளேனரை எடுத்தேன். எம்-சீல் ஓரத்தில் மயிரிழை மாதிரி ஒரு கோடு. முன்பே இருந்ததா, புதுசா தெரியவில்லை. ஃபேனை அணைத்துவிட்டுத் தம்புராவைப் போட்டேன். இழை ஒவ்வொன்றாக ஏறி அணைந்தது. சட்டை நனைகிற வரை கேட்டேன். அப்புறம் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். தலைப்பட்டை செட் மட்டும் 14,500. முழு ஹெட்போன் 41,000. அதில் தலைப்பட்டையைக் கழித்தால் மீதி 26,500க்கு இரண்டு டிரைவர், மரக்கோப்பை, கேபிள், எல்லாம் உதிரியாக வருகிறது. புளியங்கொட்டையே இரண்டு வருகிறது.

கார்ட்டில் ஒன்று போட்டு வைத்திருக்கிறேன். நண்பனிடம் இன்னும் சொல்லவில்லை.